பொருள்: வீட்டுப்படி மாற்றம் கோருதல்

இன்று காலை ஓர் ஆட்டு வியாபாரி உன் சாய்தளத்தை விலைக்குக் கேட்டார்.

பட்டறையின் பின்சுவரில் இரண்டு துண்டாகச் சாய்த்து வைத்திருக்கிறேன் அல்லவா, அதில் சின்னத் துண்டை. மினி லாரியின் பின்னால் மாட்டிவிட்டால் ஆடுகள் தாமாகவே ஏறிவிடுமாம், ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட ஆள் தேட வேண்டாமாம். அதைத் தரையில் கிடத்தச் சொல்லி, மேலே ஏறி நின்று இரண்டு முறை குதித்தும் பார்த்தார். வெயில் பட்டுச் சூடேறிய இரும்பிலிருந்து ரெட் ஆக்ஸைடு பெயின்ட் வாசனை குப்பென்று கிளம்பியது.

"விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன்.

"அப்ப எதுக்குங்க வச்சிருக்கீங்க? துரு ஏறட்டும்னா?"

நியாயமான கேள்வி. அரியமங்கலத்தில் பட்டறை போட்டிருப்பவன் இரும்பைச் சும்மா போட்டு வைத்திருந்தால் எவனும் கேட்கத்தான் செய்வான். பதில் சொல்ல வேண்டியவன் நீ. நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த ஆளிடம் சொல்ல முடியாததை உனக்கே எழுதுகிறேன். மரியாதையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், இருவரும் லாரி ஓட்டியவர்கள். மலைப்பாதையில் உன் வண்டி உருண்டபோது அடுத்த வண்டியில் வந்துகொண்டிருந்தவன் நான்தான். இடது கால் மூன்று இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்து, நொண்டிக்கொண்டே மிச்ச சர்வீஸை முடித்தாய். ஓய்வுபெற்று வந்ததும் நான் வெல்டிங் மெஷின் வாங்கினேன், நீ வீட்டுக்கடன் வாங்கினாய். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம் ஒரு சின்ன மனை. வெள்ளம் வந்த வருடத்தில் அந்தத் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதாக யாரோ சொல்லிவிட்டார்கள். கொத்தனார் இரண்டு படி போதும் என்றார். நீ கேட்கவில்லை.

"கொள்ளிடம் வந்தாலும் வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுத்தான் உள்ள வரணும், மாப்ளே" என்று அஸ்திவாரத்தை ஏற்றிக்கொண்டே போனாய். ஐந்து படி ஆயிற்று. கிரகப்பிரவேசத்தன்று வசந்தா அந்த ஐந்து படிக்கும் தனித்தனியாகக் கோலம் போட்டிருந்தாள். உன் மனைவி அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு நான் பார்த்ததில்லை.

அப்புறம் சர்க்கரை வந்தது. கம்பி வைத்த காலிலேயே புண் வந்தது, ஆறவில்லை, முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு திரும்பி வந்து உன் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோதுதான், அந்த ஐந்து படியையும் நீ முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாய். கொள்ளிடம் அதுவரை ஒரு முறைகூட உன் தெருவுக்கு வரவில்லை.

உன்னைத் தூக்கித்தான் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு வரதன் சார். கோயில் கைங்கர்யக் குடும்பம், நெற்றியில் திருமண் இல்லாமல் தெருவில் கால் வைக்காதவர். உன்னைத் தூக்க வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "என்ன ஸ்வாமி, புறப்பாட்டுக்கு நாழியாயிடுத்தே, எழுந்தருளலாமா?" என்பார். பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

நீ சும்மா இருப்பாயா? "பெருமாளுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு சாமி, அவரையே தூக்குறீங்க. நான் ஒத்தக்கால். எனக்கு முதல்ல பண்ணுங்க" என்றாய். வரதன் சார் காதைப் பொத்திக்கொண்டு, "அபசாரம், அபசாரம்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அவருக்கும் அறுபதைத் தாண்டியிருந்தது. சிரித்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரோரமாக நிற்பார். நீ அதைப் பார்க்காதது மாதிரி நாற்காலியின் பிரேக்கைத் திருகிக்கொண்டிருப்பாய். பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரி, பென்ஷன் விஷயம், அவ்வளவுதான்.

ஒருநாள் நான் வந்தபோது வீட்டில் நீயும் வசந்தாவும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். ரசத்தில் உப்பு அதிகமோ என்னமோ, காரணம் ஞாபகமில்லை. அவள் அடுக்களைக்குள் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாய்.

"மாப்ளே, எனக்கு கோயில் குளம் போகணும்னு இல்லடா. காவேரி பாக்கணும்னு இல்ல. சண்டை போட்டுட்டு வெளிய போகணும்டா. அவ்ளோதான். வீட்டுல சண்டைன்னா ஆம்பளை என்ன பண்ணுவான்? செருப்பை மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போயிருவான். அரை மணி நேரம் சுத்திட்டு, ஒரு டீயைக் குடிச்சிட்டு, ஒன்னும் நடக்காத மாதிரி வந்து சோறு போடும்பான். நான் சண்டை போட்டுட்டு அதே ரூம்ல அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவளும் பாவம், எத்தனை நேரம்தான் முறைப்பா?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "சும்மா சொல்லல. வாசலைத் தாண்ட யாரையும் கூப்பிடக் கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றாய்.

வழி இருப்பதாக நம் பழைய பட்டாளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஊனமுற்ற முன்னாள் படைவீரர் தம் வீட்டை வசதியாக மாற்றிக்கொள்ள உதவி உண்டு, சாய்தளம், குளியலறையில் கைப்பிடி, அகலமான கதவு எல்லாம் அதில் அடங்கும் என்று. நீ உடனே தாளும் பேனாவும் எடுத்தாய். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். கேட்டாயா?

"இத்தனை வருஷம் இந்தியில லீவு கேட்டேன். என் வீட்டுக்கு என் பாஷையில கேக்குறேன்."

கேட்டாய். முத்து முத்தான கையெழுத்தில், "பொருள்: வீட்டுப்படி மாற்றம் கோருதல் – தொடர்பாக" என்று மேலே எழுதி, கீழே இரண்டு பக்கத்துக்கு விவரமாக எழுதியிருந்தாய். கால் போனது, படி ஐந்து இருப்பது, படியை நீக்கிச் சாய்தளம் அமைக்க வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. எனக்குப் படித்துக் காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பெயர் சொல்லித் திட்டினால் எனக்கு ஆறிவிடும், ஆற வேண்டாம் என்று பார்க்கிறேன். மழைக்காலம் போய், பொங்கல் போய், பங்குனி வெயில் ஏறிய பிறகு பதில் வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு வீட்டு வாடகைப்படி வழங்க விதிகளில் இடமில்லை, எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

நீ அதை இரண்டு தடவை படித்தாய். பிறகு சிரித்தாய் பார், நாற்காலியே ஆடும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "வசந்தா, இங்க வா! நம்ம படிய அலவன்ஸ்னு நெனச்சுட்டான்டி!" அவளும் வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்த பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மறுவாரம் நானே போய் விசாரித்தேன். அங்கே இருந்த பையன் நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான்.

"சார், பொருள்ல வீட்டுப்படின்னு போட்டிருக்கு. படின்னா அலவன்ஸ்தானே சார்?"

"உள்ள படிச்சுப் பாத்தீங்களாப்பா? கால் இல்லை, படி இறங்க முடியலன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரே?"

"பொருளைப் பாத்துத்தான் சார் செக்‌ஷன் பிரிப்போம். அந்த செக்‌ஷன்ல அலவன்ஸ் மட்டும்தான் பாப்பாங்க."

"அப்ப உள்ள இருக்கறதப் படிக்கிறது எந்த செக்‌ஷன்?"

பாவம், அவன் மட்டும் என்ன செய்வான் என்று நீ சொல்வாய். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. புதிதாக மனுக் கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே நிராகரித்தது இருப்பதால் மேல்முறையீடாகத்தான் கொடுக்க வேண்டும், இரண்டு படிகளில் கொடுங்கள் என்றான். இரண்டு நகல் என்று அர்த்தமாம். ஐந்து படியில் மாட்டிக்கொண்டவனிடம் இன்னும் இரண்டு படி கேட்டார்கள்.

அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது. பட்டறைக்கு வந்து, கையிலிருந்த இரும்புத் தகட்டையும் ஆங்கிள் கம்பியையும் எடுத்து வேலையை ஆரம்பித்தேன். உன் வீட்டுப் பக்கச் சந்தின் நீளத்தை முன்பே அளந்து வைத்திருந்தேன். நாற்காலி வழுக்காமலிருக்க மேலே குறுக்குக் கம்பி, இரண்டு பக்கமும் பிடிமானம், நடுவில் திரும்ப ஒரு சதுரம். முடித்து, பெயின்ட் அடித்து, போனில் படம் பிடித்து உன்னிடம் காட்டினேன். ஒரு வண்டி வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன், மாலைக்குள் நீ சண்டை போடலாம் என்றேன்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். உனக்குப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேண்டாம்டா" என்றாய்.

காரணம் விதி. ஒப்புதல் வருமுன் வேலை தொடங்கியிருந்தால் உதவி கிடையாது. வந்து பார்ப்பவர் வாசலில் சாய்தளத்தைக் கண்டால், அதுதான் இருக்கிறதே என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். போனால் போகட்டுமே என்று கத்தினேன். யாருக்கு வேண்டும் அவர்கள் உதவி, இரும்பு என்னுடையது, வெல்டிங் என்னுடையது, உன்னிடம் ஒரு காசு கேட்டேனா?

"கோவப்படாதடா. இருபது வருஷத்துக்கு மேல அவன் கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போனேன். பனியில போனேன், பாலைவனத்துல போனேன். ஒரே ஒரு தடவை அவன் என் வாசல் வரைக்கும் வரட்டும். வந்து, 'இந்தாப்பா, இறங்கு'ன்னு சொல்லட்டும். அது வரைக்கும் நான் இறங்கல."

இதைக் கேட்டு வசந்தா அடுக்களையில் பாத்திரத்தைத் தடாலென்று வைத்தது இன்னும் காதில் இருக்கிறது. வீம்பு பிடித்தவனே, நீ இறங்காமலிருந்தது யாருக்குத் தண்டனை என்று நினைத்தாய்? அவர்களுக்கா? அவர்களுக்கு உன் பெயர்கூட ஞாபகமில்லை.

மேல்முறையீடு போட்டோம். இந்த முறை நானே ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்தேன். அதற்குள் வேறு ஒன்று முளைத்தது. வீடு கடனில் இருப்பதால் வாசலை இடிக்க வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். கடனுக்காகக் கொடுத்த வரைபடத்தில் ஐந்து படி இருக்கிறது, அது அவர்களுக்கு ஈடாக இருக்கும் சொத்து. சம்மதம் கேட்க நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கிளை இருந்ததோ மாடியில். வரதன் சாரும் நானும் உன்னை வீட்டுப் படியில் இறக்கி ஆட்டோவில் ஏற்றிப் போனோம். மாடிப்படியைப் பார்த்ததும் வரதன் சார், "ஸ்வாமி, இது பரமபதத்துக்கே போற மாதிரின்னா இருக்கு" என்று மூச்சு வாங்கினார். மேலே போய் நான் சத்தம் போட்டதும் மேனேஜர், சின்னப் பெண், காகிதத்தை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கி வந்தது. ஆட்டோவின் பக்கத்தில் நின்றபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சாரி அங்கிள்" என்றது. இந்தக் கதை முழுவதிலும் உனக்காகப் படி இறங்கி வந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

அந்தப் பெண்தான் வீட்டுக்கடன் வட்டியிலும் ஊனமுற்ற படைவீரருக்குச் சலுகை இருப்பதாகச் சொன்னது. அதையும் கேட்டுப் பார்த்தோம். ஊனம் பணியின்போது நேர்ந்ததா என்று கேட்டார்கள். கால் உடைந்தது பணியில், எடுத்தது ஓய்வுக்குப் பிறகு, சர்க்கரையினால் என்று மருத்துவச் சான்று சொல்கிறதாம், அதனால் சலுகை கிடையாதாம்.

"உடைஞ்சது சர்க்கார் கணக்கு, வெட்டுனது என் சொந்தக் கணக்கு" என்றாய் நீ. அதற்கும் வரதன் சார் சிரித்தார். நான் சிரிப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

அந்த விடியற்காலையில் வசந்தா போன் செய்தபோது உனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். காவேரிப் பாலத்தில் நெரிசல் இல்லாத நேரம், நான் வந்து சேரும்போதே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. உள்ளே போன ஸ்ட்ரெச்சரை உன்னோடு வெளியே எடுக்கும்போது வாசலில் திருப்ப முடியவில்லை. படி செங்குத்து, அகலம் குறைவு. இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள், உன்னைக் கட்டியிருந்த பட்டை நழுவியது, மறுபடி உள்ளே கொண்டுபோய்க் கட்டினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். "கால் முன்னாடி வரட்டும் சார், கால் முன்னாடி" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

நீ கண்ணைத் திறந்து, "எந்தக் கால்?" என்றாய்.

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த ஐந்து படியையும் அன்றைக்கே சம்மட்டியால் உடைத்திருப்பேன், வங்கிக்கு ஈடான சொத்தை.

ஒப்புதல் வந்தது. வராமலிருக்குமா? நீ போய் மூன்றாம் மாதம் வந்தது. சாய்தளம் அமைக்க அனுமதி, பொறியாளர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். பார்க்கவும் வந்தார். உன் வாசல் வரைக்கும் வந்தே விட்டார், மாப்ளே. டேப்பை நீட்டி அளந்து, குறித்துக்கொண்டு, "பயனாளியைக் கூப்பிடுங்கம்மா, வாசல்ல வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார். வசந்தா சுவரில் மாலை போட்டிருந்த உன் படத்தைக் காட்டினாள். அவர் சங்கடப்பட்டுப்போய், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

அன்று மாலை நான் வசந்தாவிடம் போனேன். அவர்கள் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, நாளைக்கு என்னுடையதைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்றேன். தங்கச்சி, உனக்கும் முட்டிவலி இருக்கிறது, வயதாகிறது, உனக்காவது உதவட்டும் என்றேன்.

"வேணாம்ண்ணே" என்றாள்.

"ஏன் வேணாம்? எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னா எப்படி?"

"அவர் இறங்காத வழியில நான் இறங்க மாட்டேண்ணே. கடன் தீர்ற வரைக்கும் இந்தப் படியிலயே ஏறி இறங்கறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீம்பு, உங்களுக்கெல்லாம் பாடுபட்டேன் பார் என்னைச் சொல்ல வேண்டும் என்று கத்தினேன். "கத்தாதீங்கண்ணே, உங்களை யாரு பாடுபடச் சொன்னா?" என்று அவளும் கத்தினாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. நான் விருட்டென்று எழுந்தேன். செருப்பை மாட்டினேன். ஐந்து படியையும் இரண்டே எட்டில் தாண்டி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து, தெருமுனை டீக்கடையில் போய் நின்றேன். டீ சொன்னேன். கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

டேய், நீ கேட்டது இவ்வளவுதானே. இரண்டு பக்க மனுவும், மேல்முறையீடும், வங்கிக் கடிதமும், எல்லாமே இதற்குத்தானே. எனக்கு இதற்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. டீயைக் குடிக்க முடியாமல் அப்படியே வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். கடைக்காரர், "டீ நல்லா இல்லைங்களா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் என் வீட்டில் மனைவியோடு சண்டை வந்தால் என்னால் எழுந்து போக முடிவதில்லை. கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. செருப்பு வாசலில் கிடக்கிறது. கோபத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.